வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: தரம் 9 உடற்கல்வி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டு, இரண்டாந் தவணை தொடங்கி இரண்டாவது கிழமை. தரம் 9க்கு ஏழாம் பாடவேளை, அதாவது பகல் 12.10. விசிலை ஊதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம். செருப்புக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் காவல் என்று சொல்லிக்கொண்டு இருப்பவர்கள். எண்ணினேன், 11 பேர். வகுப்பில் மொத்தம் 34.

பத்து வருடத்துக்கு மேலாக அந்த மரத்தடியில் யாரோ இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டது, கணக்கில் எடுக்கவில்லை. வலய மட்டப் போட்டிக்கு யாரைக் கொண்டுபோவது, அஞ்சலோட்டத்தில் கடைசிக் கோலை யாரிடம் கொடுப்பது, குண்டு எறிய வரும் பிள்ளைக்கு ஒரு சப்பாத்து எங்கே வாங்குவது, என் யோசனை முழுக்க அங்கே இருந்தது. நல்ல உடற்கல்வி ஆசிரியர் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரை வாங்கித் தந்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர். மிச்சப் பிள்ளைகளுக்கு நான் என்ன கற்பித்தேன் என்று அன்றைக்கு முன் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தத் தவணை தொடங்கி ஆண்டு முடியும் வரைக்கும் அந்த ஒரு வகுப்பில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். பாடசாலையின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம்.

பாடசாலையும் மைதானமும்

இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும் வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒரு கிராமம். தரம் 11 வரைக்கும் உள்ள சிறிய பாடசாலை. பிள்ளைகளின் வீட்டில் வயல், கச்சான் (நிலக்கடலை), கூலி வேலை. காலபோக விதைப்பு நடக்கிற கிழமைகளில் பெரிய பையன்கள் கொஞ்சப் பேர் வரவே மாட்டார்கள். தாய் தகப்பன்மார் 2009இல் இந்த மண்ணை விட்டுப் போய், முகாமில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தரம் 9 பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். சண்டையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வீட்டில் கேட்ட கதை மட்டும்தான்.

ஆனால் கதை காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைதானத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பத்தை. பந்து அதற்குள் போனால் ஒருவரும் போக மாட்டார்கள். "பத்தைக்குள்ள கால் வைக்காதை" என்று தாய் சொல்லி வளர்த்தது. அந்தக் காணி கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டு வருடக்கணக்காகிறது, அது பிள்ளைகளுக்கும் தெரியும். இருந்தாலும் காவலாளி ஐயா வந்து எடுத்துத் தரும் வரைக்கும் எல்லைக்கோட்டில் நிற்பார்கள். வன்னியில் வேறு இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு அதை முடிக்கக் கொடுத்திருக்கும் தவணையே 2028 வரைக்கும் போகிறது. ஆகவே தாய்மாரைக் குறை சொல்ல வரவில்லை. ஓடுவதற்கு முன் நிலத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் ஓடப் பழக்குகிறேன் என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

உபகரணம் என்று பார்த்தால் கரப்பந்து இரண்டு, வலைப்பந்து ஒன்று, குண்டு மூன்று, தட்டு ஒன்று. நீளம் பாய்தலுக்கு ஒரு குழி இருக்கிறது, மண் இல்லை.

அதிபரின் கேள்வி

மரத்தடி விசயத்தை அதிபரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பிள்ளைகள் பசியோடு வந்தால் தன் காசில் பாண் வாங்கிக் கொடுப்பவர். அவர் கேட்டது இது:

"ரீச்சர், இதுகள் நாலு கட்டை (நாலு மைல்) சைக்கிள் மிதிச்சு வாற பிள்ளையள். வீட்டை போனாத் தண்ணி அள்ளுதுகள், கச்சான் பிடுங்குதுகள். இதுகளுக்கு உடற்பயிற்சி வேணுமோ? அந்தப் பாடத்தைக் கணிதத்துக்குக் குடுத்தால் நாலு பிள்ளை கூடப் பாஸ் பண்ணும்."

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் சொல்லியது. உலகத்தில் 11 முதல் 17 வயதானவர்களில் 81 வீதமானோர் அந்த அளவை எட்டவில்லை என்பதும் அவர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குத்தான். பொம்பிளைப் பிள்ளைகளில் 85 வீதம், ஆண் பிள்ளைகளில் 78. உடற்கல்விக் கருத்தரங்குகளில் இந்த எண்களைத் திரையில் போட்டு, போனைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்கும் ஒரு பிள்ளையின் படத்தையும் போடுவார்கள். என் பிள்ளைகள் அந்தப் படத்தில் இல்லை. போகவும் வரவும் நாலு நாலு கட்டை சைக்கிள் மிதிக்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் வீதியிலேயே முடிந்துவிடும்.

அப்படியென்றால் உடற்கல்வி எதற்கு? களைக்க வைப்பதுதான் இலக்கு என்றால், வன்னிக் கிராமத்தில் இந்தப் பாடத்தை எடுத்துவிடலாம். அதிபரின் கேள்வி ஒரு கிழமை என்னை விடவில்லை. பதில் மரத்தடியிலிருந்துதான் வந்தது.

ஏன் இருக்கிறார்கள்

அடுத்த நான்கு தடவையும் எண்ணினேன்: 9, 11, 8, 12. முகங்கள் கொஞ்சம் மாறும், ஏழெட்டுப் பேர் நிரந்தரம். தண்டிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. விளையாடுபவர்களுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு நானும் போய் மரத்தடியில் இருந்தேன். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கதை வந்தது.

வெளியில் சொல்லும் காரணம் எல்லோருக்கும் ஒன்று: "ஏலாது ரீச்சர்." அதற்குள் இருந்தவை வேறு வேறு. இரண்டு பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள். எங்கள் பாடசாலையில் சத்துணவு ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடும். ஒரு பையனிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் காற்சட்டை, புழுதி பட்டால் அடுத்த நாளைக்கு வேறு இல்லை. மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடையோடு ஓடப் பயம் என்று நான்கு பிள்ளைகள் சொன்னார்கள். மலசலகூடத்தில் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் வராது என்பதையும் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். ஆசிரியர்களின் மலசலகூடத்துக்கு வேறு தாங்கி, ஆகவே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு இழுப்பு (ஆஸ்துமா), போன வருடம் நான் மைதானத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடவிட்ட அன்று இரவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்களாம். அது எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பிள்ளை. அவளைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டும்.

நெடுவல். வீட்டில் மூத்தவள். அதிபர் சொன்ன நாலு கட்டை சைக்கிள் அவளுடையதுதான். பின்கரியரில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வருவாள். கிணற்றில் வாளி வாளியாக அள்ளுவாள். கையில் பலம் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. தரம் 6இலிருந்து மைதானத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஏனென்று கேட்டதற்கு அவள் சொன்னதை அன்றைக்கே குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

"பந்து வந்தா எனக்குக் கண் மூடுது ரீச்சர். நான் வேணுமெண்டு மூடேல்ல. எல்லாரும் சிரிக்கினம்."

பரீட்சித்துப் பார்த்தோம். இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து மெதுவாகப் போட்டாலும் கண் மூடுகிறது, முகம் திரும்புகிறது, இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் போகிறது. பிடிப்பதற்குப் போன கை அல்ல, தடுப்பதற்குப் போன கை. பிடித்தல், எறிதல், ஒற்றைக் காலில் நிற்றல், பாய்ந்து இறங்குதல், இவையெல்லாம் ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் விளையாடி விளையாடி வர வேண்டியவை. வராமல் விட்ட பிள்ளை தரம் 6இல் நேரே கரப்பந்துக்கு வந்தால் என்ன நடக்கும்? எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை கேட்பது போலத்தான். கரப்பந்தின் நிறை 260 முதல் 280 கிராம். பழகாத மணிக்கட்டில் அது சுள்ளென்று படும், விரல் மடங்கும். பயம் நியாயமானது.

அதிபருக்கான பதில் இதுதான் என்று பட்டது. சைக்கிளும் வாளியும் இந்தப் பிள்ளைக்குப் பலம் கொடுத்திருக்கின்றன. தன் உடம்பை நம்பலாம் என்பதை ஒன்றும் கொடுக்கவில்லை. உழைப்பில் உடம்பு வேலைக்காக அசைகிறது. ஒரே அசைவு, ஒரே திசை. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கவும், எதிர்பாராமல் வருவதைப் பிடிக்கவும், விழுந்தால் அடிபடாமல் விழவும், தோற்றுச் சிரிக்கவும் வேலை பழக்காது. மார்கரெட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் இதை 'உடல்சார் எழுத்தறிவு' என்ற கருத்துக்குள் கொண்டுவந்தார். திறன், தன்னம்பிக்கை, விருப்பம், விளக்கம், இந்த நாலும் சேர்ந்தால்தான் ஒருவர் வாழ்நாள் முழுக்க அசைந்துகொண்டிருப்பார் என்பது அதன் சாரம். எங்கள் பாடத்திட்டமும் உடல், உள, சமூக, ஆன்மீக நன்னிலை என்று நாலைத்தான் சொல்கிறது. தரம் 6இல் அதை நானே கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகளும் பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள். எழுதிவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

நிமிடக் கணக்கு

அவளை மைதானத்துக்கு இழுக்கவில்லை. கையில் நிறுத்தற் கடிகாரத்தைக் கொடுத்தேன். "ஒரு பாடவேளையில் ஒரு ஆளை மட்டும் பார். அவர் அசையும்போது ஓடவிடு, நின்றால் நிறுத்து. பந்தை எத்தனை தரம் தொடுகிறார் என்று கோடு போடு." உண்மையைச் சொன்னால் அவளை எதிலாவது சேர்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆராய்ச்சி என்ற எண்ணமே இருக்கவில்லை.

முதலில் அவள் பார்த்தது வகுப்பில் மிக நன்றாக விளையாடும் பையனை. 40 நிமிடப் பாடவேளையில் அவன் அசைந்தது 13 நிமிடம். அடுத்த முறை நடுத்தரமாக விளையாடும் ஒருவனை. 6 நிமிடமும் சொச்சமும். அதற்கடுத்த முறை, மரத்தடிக்கு வராமல், ஆனால் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் ஒரு பிள்ளையை. 4 நிமிடம். பந்தைத் தொட்டது மூன்று தரம், அதில் ஒன்று பந்து வந்து அவளில் பட்டது.

கொப்பியை நீட்டிக்கொண்டு அவள் கேட்டாள்: "ரீச்சர், இவையும் இருக்கிறவைதானே? நிண்டுகொண்டு இருக்கினம், அவ்வளவுதான்."

என் பதினாலு வருடச் சேவையில் எந்த ஆசிரிய ஆலோசகரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மரத்தடியில் 11 பேர் என்று நான் எண்ணியது பிழை. வரிசையில் நிற்கிற பிள்ளையும் மரத்தடிப் பிள்ளைதான், நிழல் இல்லாத மரத்தடி.

மிச்ச நிமிடம் எங்கே போனது? மணி அடித்து மைதானத்துக்கு வரவே 5 நிமிடம். வரிசை, வரவு, "நேராக நில்" என்பதற்கு இன்னொரு 5. நான் விளக்கம் சொல்வது 6, 7 நிமிடம். இதை அவள் தனியாகக் கணக்கெடுத்திருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்தான் காட்டினாள். பிறகு இரண்டு பந்துக்கு முன்னால் இரண்டு நீண்ட வரிசை. ஒரு பிள்ளைக்கு முறை வந்து போக மறுபடி வர மூன்று நிமிடம். பாடவேளையில் பாதியாவது பிள்ளை அசைய வேண்டும் என்பது பல நாடுகளில் உடற்கல்விக்கு வைத்திருக்கும் அளவு. மிக நன்றாக விளையாடும் அந்தப் பையனைத் தவிர மற்றவர்களில் நான் கால்வாசியைக்கூட எட்டவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது கருவி கட்டி அளந்தது அல்ல. ஒரு பிள்ளையின் கண், ஒரு கடிகாரம், ஒரு முறைக்கு ஒரு ஆள். நூறு வகுப்புக்குப் பொருந்துமா என்று கேட்டால் தெரியாது. எனக்குப் பொருந்தியது.

மாற்றியவை

முதல் சண்டை நேரசூசியோடு. காலைப் பாடவேளைகள் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்பது எழுதாத சட்டம். 12.10க்கு வன்னி வெயிலில், சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் கொட்டும்போது, பிள்ளையை ஓடு என்பது உடற்கல்வி அல்ல. 2024 பெப்ரவரியில் வெப்பம் காரணமாக வெளிக்கள நடவடிக்கைகளைக் குறைக்கச் சொல்லிக் கல்வி அமைச்சே அறிவுறுத்தியிருந்தது. மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் மரதன் ஓடிய மாணவன் ஒருவன் இறந்துபோனான். இரண்டையும் பிரதி அதிபரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் "எந்த ரீச்சரிட்டைப் போய் மாத்தச் சொல்லிக் கேக்கிறது?" என்றார். நானே போய்க் கேட்டேன். விஞ்ஞான ரீச்சர் ஒரு நாளைக்கு முதலாம் பாடவேளையை மாற்றித் தந்தார். கணிதத்துக்குப் பொறுப்பான சேர் தரவில்லை. ஆக கிழமைக்கு இருந்த இரண்டு பாடவேளையில் ஒன்று காலைக்கு வந்தது. அந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரிந்தது.

தண்ணீர்த் தாங்கி விசயம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போய், இரண்டு மாதம் இழுபட்டு, ஒரு பெற்றோர் குழாய் போட்டுத் தந்ததோடு முடிந்தது. உடை விசயத்தில் அதிபர் உதவினார்: உடற்கல்வி உள்ள நாளில் நிறக் காற்சட்டையும் ரீசேட்டும் போட்டு வரலாம், பழசோ கிழிசலோ பரவாயில்லை. இந்த ஒரு வரி அறிவித்தல் நாலு பேரை மரத்தடியிலிருந்து எழுப்பியது. பல வருடம் நான் ஊதிய விசிலால் நடக்காதது.

பாடத்தை எடுக்கும் விதத்தில் மாற்றியது கொஞ்சம் கூட. நீண்ட வரிசைகளை ஒழித்தேன். உமிச்சாம்பலால் மைதானத்தில் ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவது. ஒன்றில் கயிறடித்தல், ஒன்றில் மரக்குற்றியில் சமநிலை, ஒன்றில் பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்தல், இப்படி. பந்து இரண்டுதானே என்று இருக்காமல் பழைய காலுறைக்குள் துணி அடைத்து இருபது பந்து கட்டினோம். இழுப்புள்ள பிள்ளை தன் வேகத்தில் செய்து, இளைத்தால் நிற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அவளின் மருந்துக்குழல் என் பையில் இருக்கும்.

கப்டன்மார் ஆள் தெரிவதை நிறுத்தினேன். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். இரண்டு கெட்டிக்காரரை முன்னுக்கு விட்டு, மாறி மாறி ஆட்களைத் தெரியச் சொன்னால், கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நிமிடத்தில் என்ன பாடம் நடக்கிறது? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சிறுவயதில் நானும் கடைசியில் நின்ற ஆள்தான். ஓடத் தொடங்கின பிறகு மறந்துபோனேன் போல.

கண் மூடும் பிள்ளைக்குத் தனி வழி. கடிகார வேலை முடிந்த பிறகு, ஒருவரும் இல்லாத நேரத்தில், சொப்பிங் பையை மேலே எறிந்து பிடிப்பது. அது காற்றில் மெல்ல மெல்ல இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை, கண் தானாகத் திறந்திருக்கும். இரண்டு கிழமை பை. பிறகு காலுறைப் பந்தைத் தானே மேலே போட்டுத் தானே பிடிப்பது. பிறகு சுவரில் எறிந்து. பிறகு நான் எறிய. ஒன்றரை மாதத்தில் மூன்று மீற்றருக்கு வந்தோம். இன்னமும் கரப்பந்து வந்தால் கண் மூடத்தான் செய்கிறது, முந்தி போல முகம் திரும்புவதில்லை.

கிளித்தட்டு

இதற்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லாம் நான் யோசித்துச் செய்தவை, இது பிள்ளைகள் கேட்டது. ஒரு நாள் சாம்பல் கட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "ரீச்சர், இது தாச்சிக்குப் போட்ட கோடு போல கிடக்கு" என்றான். தாச்சி என்றால் கிளித்தட்டுத்தான், அவர்கள் கோயில் வெளியில் நிலவில் விளையாடுவது.

சரி, விளையாடிப் பார்ப்போம் என்று நடுக்கோடும் குறுக்குக் கோடுகளும் போட்டோம். குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் காவல். கிளி என்ற இன்னொரு காவல்காரர் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடுவார். எதிரணி தட்டுத் தட்டாகக் கடந்து கடைசிக் கோட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பந்து இல்லை, காசு இல்லை, உபகரணம் சாம்பல் மட்டும். எந்தப் பிள்ளையும் முறைக்காகக் காத்து நிற்பதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தில் இருக்கிறார்கள். கடிகாரக்காரி அன்றைக்குக் குறித்தது: நடுத்தரப் பையன் 22 நிமிடம், பின்வரிசைப் பிள்ளை 19. அந்தப் பிள்ளை மூன்று கோடு கடந்துவிட்டு, காவல்காரரின் கை பட்டு வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள்.

உடற்தகைமை என்று பாடப்புத்தகத்தில் வரும் வேகம், சமநிலை, ஒருங்கிணைப்பு, துலங்கல் நேரம் எல்லாம் அந்தச் சாம்பல் கோட்டில் இருக்கின்றன. பாவனை காட்டி ஏமாற்றுவது, கிளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணிப்பது, ஒருவர் காவலை இழுக்க மற்றவர் கடப்பது என்று தலையும் வேலை செய்கிறது. 1982இல் இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கரும் தோர்ப்பும், நுட்பத்தைத் துண்டு துண்டாகப் பழக்கிவிட்டுப் பிறகு ஆடவிடுவதை விட, முதலில் எளிய ஆட்டத்தை ஆடவிட்டு, தேவை வரும்போது நுட்பத்தைக் கொடுங்கள் என்று எழுதினார்கள். கோயில் வெளியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், ஆனால் பாடசாலை மணி அடித்ததும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாம் நாள் கிளித்தட்டில் காவலுக்கு ஓர் ஆள் குறைந்தது. நான் மரத்தடியைப் பார்க்கவில்லை, பார்த்தால் கூப்பிட்டது போலாகிவிடும். அவள் கடிகாரத்தை இழுப்புக்காரப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்து கடைசிக் கோட்டில் நின்றாள். நெடிய கை. அவள் கோட்டை அன்றைக்கு இரண்டு பேர்தான் கடந்தார்கள். வந்தால் கண்ணை மூட வைக்கும் பந்து அங்கே இல்லை, எதிரே வருவது மனிதர். மனிதரைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை.

தாய்மார்

ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகள் பெரிய பிள்ளை, பையன்களோடு தாச்சி விளையாடுகிறாளாம், ஊர் என்ன சொல்லும் என்று. கோபமாக வரவில்லை, பயந்து வந்தார். நான் சொன்னேன்: "அம்மா, முள்ளியவளையில அகிலத்திருநாயகி அம்மாவைத் தெரியுமோ? 72 வயசில பிலிப்பைன்ஸ் போய் ஓடி வென்றவ." பேப்பரில் பார்த்திருந்தார். 2023இல் அங்கே நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் வென்றவர். "அது அவ," என்றார் தாய். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "எனக்கும் நல்லா ஓட்டம் வரும் ரீச்சர், தரம் 8ஓட இடம்பெயர்ந்தது, பிறகு எங்க" என்றார். ஆண், பெண் அணிகளைத் தனியாக்கச் சம்மதித்தேன். முழு மனதோடு அல்ல, பிள்ளை விளையாடுவதை நிறுத்தாமல் இருக்கத்தான். அந்தத் தாய் அதற்குப் பிறகு வரவில்லை, பிள்ளை வந்தது.

ஆண்டு முடிவில்

மூன்றாந் தவணையின் கடைசிப் பகுதியில் மழை பிடித்து மைதானம் குளமானது. அதற்கு முன் நான்கு தடவை மறுபடி எண்ணினேன்: 3, 2, 4, 2. அசைந்த நேரம், கடிகாரம் பார்த்த ஆட்களில், 18 நிமிடத்துக்குக் கீழே போகவில்லை. மரத்தடியில் இன்னும் இருக்கும் ஒரு பையனின் காரணம் எனக்கு விளங்கவில்லை. சாப்பிடாமல் வரும் இரண்டு பேருக்கும் நான் கண்ட வழி ஒன்றுமில்லை. அவர்களை ஓடச் சொல்வதை நிறுத்தியதுதான் நான் செய்தது. பசிக்கு உடற்கல்வியில் பாடம் இல்லை.

பதக்கம் குறைந்தது. இதை மறைத்தால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். பின்னேரங்களில் ஓட்டக்காரருக்கு நான் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதி பந்து கட்டவும் கோடு போடவும் போனது. வலய மட்டத்தில் முந்திய வருடம் ஏழு, இந்த முறை நாலு. அதிபர் கேட்டார், நிமிடக் கொப்பியைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதை ஆண்டறிக்கையில எந்தப் பத்தியில போடுறது ரீச்சர்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே இடம் தேடினார். பதக்க எண்ணிக்கைக்குப் பெட்டி இருக்கிறது, இதற்கு இல்லை. கணிதத்துக்குப் பாடவேளையைக் கொடுக்கும் பேச்சு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

கெட்டிக்கார ஓட்டக்காரர்களைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் இது உரிமைதான், வன்னியில் ஒரு பிள்ளை வெளியே தெரிய அது ஒரு கதவு. ஆனால் அது பின்னேரப் பயிற்சியின் வேலை. பாடவேளை 34 பேருடையது. இரண்டையும் நான் பத்து வருடம் ஒன்றாக நினைத்திருந்தேன்.

நெடுவல் அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒன்றுக்கும் பெயர் கொடுக்கவில்லை. நேரக்கணிப்பாளர் மேசையில் இருந்தாள், 800 மீற்றருக்கு அவள் எடுத்த நேரமும் என்னுடையதும் பத்தில் ஒரு வினாடிதான் வித்தியாசம். கிளித்தட்டு நாளில் மட்டும் கடிகாரத்தை மற்றவரிடம் கொடுப்பாள். கரப்பந்துக்கு இன்னும் வரவில்லை.

இந்த வருட நேரசூசியில் தரம் 9க்கு மறுபடி இரண்டுமே ஏழாம் பாடவேளையாக விழுந்திருக்கிறது. விஞ்ஞான ரீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.